சாம்பல்தீவிலிருந்து நகருக்கு ஒரு சைக்கிள் பாதை

என் தகப்பனார் 1970களில் அரசாங்க எழுதுவினைஞராகத் திருகோணமலைக்கு இடமாற்றம் பெற்று வந்தபோது, மாதச் சம்பளத்தில் தவணையாகக் கழிக்கப்படும் சைக்கிள் முற்பணத்தைப் பெற்று ஒரு ரலி வண்டி வாங்கினார். அவர் ஓய்வு பெறும்வரை அது கந்தோருக்கும், வெள்ளிக்கிழமைகளில் பத்திரகாளி அம்மன் கோயிலுக்கும், மாதத் தொடக்கத்தில் கூட்டுறவுக் கடைக்கும் ஓடியது. இருக்கை எட்டாத வயதில் பாருக்குக் கீழால் காலை நுழைத்து நான் ஓடப் பழகியதும் அந்த வண்டியில்தான். பின்னர் ஆசிரியையாகி, சேலை சிக்காமல் இருக்கப் பின்சில்லுக்கு வலை பூட்டிய ஒரு லுமாலா சைக்கிளில் இருபத்தெட்டு ஆண்டுகளாகப் பள்ளிக்கூடம் போய் வருகிறேன்.

அந்த முற்பணத்தை இப்போது அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். ஓர் ஊழியர் வேலைக்கு வந்து சேர்வதற்குச் சைக்கிள் வேண்டும் என்பதையும், அதற்கு உதவுவது தன் கடமை என்பதையும் அரசு அன்று ஏற்றுக்கொண்டிருந்தது. அரசின் ஏடுகளில் சைக்கிளுக்கு இன்றும் ஓரிடம் இருக்கிறது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் கீழ் சபைகள் ஆண்டுதோறும் வர்த்தமானியில் வெளியிடும் வாகன, விலங்கு வரி அறிவித்தல்களைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். வியாபாரத்துக்குப் பயன்படும் துவிச்சக்கரவண்டிக்கு 18 ரூபா, மற்றவற்றுக்கு 4 ரூபா, கைவண்டிக்கு 10 ரூபா, யானைக்கு 50 ரூபா என்று அந்தப் பட்டியல் போகிறது. தொகை எவ்வளவு சிறியதாக இருந்தாலும், சைக்கிள் ஒரு வாகனம் என்பதையும், வரி விதிக்கும் சபைக்கும் அதை ஓட்டுபவருக்கும் இடையில் ஓர் உறவு உண்டு என்பதையும் சட்டமே ஒப்புக்கொள்கிறது. இந்த உறவில் சபையின் பங்காகச் சைக்கிள்காரருக்கு என்ன கிடைக்கிறது என்பதே என் கேள்வி.

திருகோணமலை சைக்கிளுக்கென்றே அமைந்தது போன்ற ஊர். ஒரு பக்கம் உட்துறைமுகமும் மறுபக்கம் திறந்த கடலுமாக, ஒடுங்கிய நிலத்தில் நகரம் நீண்டு கிடக்கிறது. ஓர்ஸ்ஹில் ஏற்றத்தையும், கோணேசர் கோயிலுக்குக் கோட்டைக்குள்ளால் ஏறும் வழியையும் விட்டால் மற்றதெல்லாம் சமதரை. சந்தையிலிருந்து அனுராதபுரச் சந்திக்கோ, பொது வைத்தியசாலைக்கோ, புகையிரத நிலையத்துக்கோ சாதாரண வேகத்தில் மிதித்தாலும் கால் மணித்தியாலத்துக்கு மேல் எனக்குச் சென்றதில்லை. உப்புவெளி, ஆலஸ் தோட்டம், சாம்பல்தீவுப் பக்கங்களிலிருந்து நகரத்துப் பள்ளிக்கூடங்களுக்கும் ரியூசன் வகுப்புகளுக்கும் வரும் பிள்ளைகளுக்குக் கூடுதல் நேரம் ஆகும். ஆனாலும் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் நேரத்தையும் சேர்த்துப் பார்த்தால் சைக்கிளே முந்தும்.

ஆகவே, மக்களைச் சைக்கிள் ஓட்டச் சொல்லி ஊக்கப்படுத்தும் சுவரொட்டிகளும் விழிப்புணர்வு ஊர்வலங்களும் எங்கள் ஊருக்குத் தேவையில்லை. காலை ஏழு மணிக்கு வீதியில் நின்று பார்த்தால் போதும். வெள்ளைச் சீருடையில் இரட்டைப் பின்னலோடு வரும் பிள்ளைகள், கரியரில் மீன்பெட்டி கட்டியவர்கள், மண்வெட்டியைப் பாரில் செருகிக்கொண்டு போகும் கூலித் தொழிலாளிகள், வைத்தியசாலைக்குச் சாப்பாட்டுக் கரியரோடு போகும் தாய்மார் எல்லோரும் ஏற்கனவே சைக்கிளில்தான் போகிறார்கள். எவரும் ஊக்குவித்து அவர்கள் ஓட்டத் தொடங்கவில்லை. கையில் உள்ள காசுக்கு அதுதான் வாகனம். அவர்களுக்கு இல்லாதது, பயமில்லாமல் ஓட்டுவதற்கு வீதியில் இரண்டு மீற்றர் இடம்.

2022ஆம் ஆண்டு மற்றவர்களும் இதைக் கொஞ்ச காலம் உணர்ந்தார்கள். அந்த ஆண்டின் தொடக்கத்தில் லீற்றர் 177 ரூபாவாக இருந்த 92 ஒக்ரேன் பெற்றோல் ஜூன் மாத இறுதியில் 470 ரூபாவானது; அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. எரிபொருள் நிலையங்களில் நாட்கணக்காக வரிசை நின்றது. எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் அட்டை வந்து வரிசைகள் குறையும்வரை, அதிகாரிகளும் வங்கி ஊழியர்களும் வைத்தியர்களும்கூடப் பழைய சைக்கிள்களைத் தூசு தட்டி எடுத்தார்கள். ரியூப் ஒட்டும் கடைகளுக்கு முன்னால் கூட்டம் நின்றது. வீதியில் மோட்டார் வாகனங்கள் குறைந்திருந்த அந்தச் சில வாரங்களில், உட்துறைமுக வீதியால் என் மாணவிகள் இருவர் இருவராகப் பேசிக்கொண்டே ஓட்டி வந்ததைப் பார்த்திருக்கிறேன். அதற்கு முன்னும் பின்னும் அவர்கள் ஒருவர் பின் ஒருவராக, தோளை ஒடுக்கிக்கொண்டுதான் வருவார்கள். நாடு பட்ட அந்தத் துன்பம் திரும்பி வரக்கூடாது. ஆனால் வீதியில் இடம் கிடைத்தால் எங்கள் பிள்ளைகள் எப்படி ஓட்டுவார்கள் என்பதை அந்த வாரங்கள் காட்டிவிட்டன. எரிபொருள் வந்ததும் எல்லாம் பழையபடி ஆனது. அந்த அனுபவத்திலிருந்து ஒரு முழ நீளப் பாதைகூட எங்கள் ஊரில் உருவாகவில்லை.

போர் முடிந்த பிறகு எங்கள் மாவட்டத்தின் வீதிகள் பெரிதும் திருந்தின என்பதை மறுக்க மாட்டேன். கிண்ணியாவுக்குப் படகுப் பாதையில் காத்திருந்து கடந்த காலம் 2009ஆம் ஆண்டு பாலம் திறக்கப்பட்டதோடு முடிந்தது. குண்டும் குழியுமாக இருந்த நெடுஞ்சாலைகள் காப்பெற் வீதிகளாயின. ஆயினும் வீதி வழுவழுப்பானதும் முதலில் கூடியது வேகம். முன்பு பள்ளங்களுக்குப் பயந்து மெதுவாக வந்த வான்களும் பஸ்களும் இப்போது சைக்கிளை உரசிக்கொண்டு போகின்றன. காப்பெற்றின் ஓரத்துக்கும் மண்ணுக்கும் இடையில் நான்கு விரல் உயரப் படி. ஒதுங்கினால் அதில் சில்லு சறுக்கும். ஒதுங்காவிட்டால் பின்னாலிருந்து ஹோர்ன் அடிக்கும். இலங்கையில் ஆண்டுதோறும் வீதி விபத்துகளில் 2,000க்கும் மேற்பட்டோர் உயிரிழக்கிறார்கள். அவர்களில் சைக்கிளில் போனவர்களும் உண்டு என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஒரு சம்பவத்தை இங்கே சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், வாடைக்காற்றும் மழையுமாக இருந்த ஒரு மார்கழிக் காலையில், என் வகுப்பில் பத்தாந் தரத்தில் படித்த பிள்ளை ஒருத்தி வீதியோரத்தில் தேங்கிய வெள்ளத்துக்குள் மூடியில்லாத வடிகால் இருந்தது தெரியாமல் முன்சில்லை விட்டு விழுந்துவிட்டாள். பின்னால் வந்த பஸ்ஸின் சாரதி கவனமானவர், நிறுத்திவிட்டார். கை முறிவோடு போயிற்று. ஆறு வாரம் எழுத முடியாமல் இருந்தாள். அந்த வடிகாலுக்கு ஒரு மூடி கேட்டு நானும் அவளுடைய தாயும் மூன்று அலுவலகங்களின் படி ஏறினோம். வீதி தங்களுடையதாக இருந்தாலும் வடிகால் தங்களுடையதல்ல என்றது ஓர் அலுவலகம். வடிகால் பற்றி வீதிக்குப் பொறுப்பானவர்களிடமே கேட்க வேண்டும் என்றது மற்றொன்று. இந்த ஆண்டு ஒதுக்கீடு முடிந்துவிட்டது என்றது மூன்றாவது. அங்கிருந்தவர்கள் எவரும் எங்களிடம் கடுமையாகப் பேசவில்லை. இருக்கச் சொல்லித் தேநீர்கூடத் தந்தார்கள். ஆனால் மூடி வரவில்லை. அந்தச் சந்தியில் கடை வைத்திருந்தவர் கடைசியில் தன் செலவில் ஒரு கொங்கிறீற் பலகை செய்து போட்டார்.

இது தனிமனிதர்களின் அக்கறையீனம் என்று நான் நினைக்கவில்லை. எங்கள் நாட்டில் வீதிகள் பங்கிடப்பட்டிருக்கும் முறையிலேயே சிக்கல் இருக்கிறது. ஏ, பீ தர வீதிகள் மத்திய அரசின் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியவை. சீ, டீ தர வீதிகள் மாகாணத்துக்கு. உள் வீதிகளும் ஒழுங்கைகளும் உள்ளூராட்சி மன்றங்களுக்கு. சாம்பல்தீவிலிருந்து புறப்படும் ஒரு பிள்ளை வீட்டொழுங்கையில் ஒரு நிர்வாகத்தின் கீழும், பிரதான வீதியில் இன்னொரு நிர்வாகத்தின் கீழும், நகரத்துக்குள் நுழைந்ததும் வேறொரு மன்றத்தின் கீழும் மிதிக்கிறாள். கார் ஓட்டுபவருக்கு இந்தப் பிரிவினை தெரியாது; அவருக்கு எல்லாம் ஒரே கறுப்புத் தார்தான். சைக்கிள் பாதையோ எந்த இடத்தில் அறுந்தாலும் முழுதும் பயனற்றுப் போகும். கடைசி 200 மீற்றர் லொறிகளுக்கு இடையில் ஓட வேண்டும் என்றால் எந்தத் தாயும் பிள்ளையை அனுப்ப மாட்டாள்.

பணத்தின் கதையும் இதேதான். உள்ளூராட்சி மன்றத்தின் சொந்த வருமானம் வீடு வளவுகளுக்கான சோலை வரி, கடை வாடகை, உரிமக் கட்டணம் என்ற அளவில் நிற்கிறது. குப்பை அள்ளவும் தெருவிளக்கு எரிக்கவும் அது சரியாகிவிடும். மாகாணங்களுக்கான நிதியோ நிதி ஆணைக்குழுவின் பரிந்துரையோடு மத்தியிலிருந்து வர வேண்டும். மாகாணத்தின் தலைமையகமே எங்கள் ஊரில் இருந்தும், கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017இல் முடிந்த பின் எத்தனையோ ஆண்டுகளாக மக்களால் தெரிவுசெய்யப்பட்ட சபை அங்கே இருக்கவில்லை. இப்படியிருக்க, சைக்கிளுக்கென்று பெயர் சொல்லி ஒதுக்கிய பணம் மேலிருந்து வந்தால் ஒழிய எந்த மன்றமும் தன் சிறு வருமானத்திலிருந்து அதைத் தொடங்கப் போவதில்லை. மன்ற உறுப்பினர்களைக் குறை சொல்லி இதைத் தீர்க்க முடியாது.

மேலிருந்து பணம் வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இங்கிலாந்தின் அனுபவத்தை நான் கொஞ்சம் ஆழமாகவே படித்தேன். அங்கே 2005ஆம் ஆண்டு எயில்ஸ்பரி, பிறைற்றன், டார்லிங்டன், டார்பி, எக்சிற்றர், லங்காஸ்டர் ஆகிய ஆறு இடங்களைத் தெரிந்தெடுத்து, சைக்கிள் மாதிரி நகரங்கள் என்று பெயரிட்டு அரசு நிதி கொடுத்தது. மத்திய அரசின் பங்கையும் உள்ளூர் மன்றத்தின் பங்கையும் சேர்த்து, குடிமகன் ஒருவருக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 10 பவுண் என்பதே கணக்கு. எனக்குப் பிடித்தது அந்தக் கணக்கு முறைதான். ஒருமுறை ஒரு பெருந்தொகையைக் கொடுத்து, திறப்பு விழாவோடு கைகழுவாமல், தலைக்கு இவ்வளவு என்று ஆண்டுதோறும் கொடுத்தார்கள். 2009ஆம் ஆண்டளவில் அந்த நகரங்களில் தானியங்கிக் கருவிகள் எண்ணிய சைக்கிள் பயணங்கள் சராசரியாக 27 வீதம் கூடியிருந்தன. 2008இல் பிறிஸ்ரலையும் மேலும் 11 நகரங்களையும் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் திட்டத்தை நடத்திய அமைப்பு 2011இல் கலைக்கப்பட்டது; வளர்ந்துகொண்டிருந்த வேலை பல இடங்களில் தளர்ந்தது. பிறகு 2020இல் சைக்கிள் பாதை எப்படி அமைய வேண்டும் என்று விரிவான வடிவமைப்பு வழிகாட்டி ஒன்றை வெளியிட்டு, அந்தத் தரத்துக்கு ஒவ்வாத திட்டங்களுக்கு மத்திய நிதி இல்லை என்று அறிவித்தார்கள். அதைக் கண்காணிக்க 2022இல் மீண்டும் ஒரு நிறுவனத்தை உருவாக்கினார்கள். சைக்கிளைப் பாதசாரியாகக் கருதாமல் வாகனமாகக் கருத வேண்டும் என்பது அந்த வழிகாட்டியின் அடிப்படை விதிகளில் ஒன்று. எங்கள் வரிப்பட்டியல் பல்லாண்டுகளாகச் சொல்லிவருவதும் அதைத்தான்.

இங்கிலாந்து குளிர் நாடு, எங்கள் வெயிலில் யார் ஓட்டுவார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. ஆனி, ஆடியில் கச்சான் காற்று அனலாக வீசும்போது எதிர்க்காற்றில் மிதிப்பது எவ்வளவு கடினம் என்பதை நான் உடலால் அறிவேன். ஆகையால் இந்தக் கேள்வியைத் தள்ளிவிட மாட்டேன். கோடையில் வெப்பம் 40 பாகையைத் தாண்டும் ஸ்பெயின் நாட்டுச் செவில்லே நகரத்தைப் பாருங்கள். அங்கே சைக்கிள் பயணங்கள் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவாகவே இருந்தன. 2006ஐ அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழ 80 கிலோமீற்றர் பாதையை, வாகனங்களிலிருந்து பிரித்து, துண்டு துண்டாக விடாமல் ஒன்றோடொன்று இணைத்துக் கட்டினார்கள். விரைவிலேயே அந்தப் பங்கு பல மடங்கு உயர்ந்தது. வெயில் குறையவில்லை, பயம் குறைந்தது. வெயிலுக்கு மருந்து எங்களிடமே இருக்கிறது. பாதையோரத்தில் வேம்பும் மருதும் நட்டு மூன்று கோடை தண்ணீர் ஊற்றினால் நான்காவது கோடையில் நிழல் விழத் தொடங்கும்.

சைக்கிளையே இலவசமாகக் கொடுப்பதும் அரசு உதவிதானே என்று கேட்கலாம். அதன் பெருமையை நான் குறைக்க மாட்டேன். தமிழ்நாட்டில் மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு அரசு சைக்கிள் கொடுக்கிறது. பீகாரில் 2006ஆம் ஆண்டு தொடங்கிய திட்டத்தால் உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண் பிள்ளைகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 30 வீதம் உயர்ந்ததாகப் பொருளியல் ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது. எங்கள் நாட்டில் 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு 24,000க்கும் மேற்பட்ட சைக்கிள்களை ஒரு வெளிநாட்டுத் தொண்டு அமைப்பு பகிர்ந்தளித்தது. கடலில் எல்லாவற்றையும் இழந்த குடும்பங்களுக்கு ஒரு சைக்கிள் எத்தனை பெரிய சொத்து என்பதை நாங்கள் கண்ணால் கண்டோம். ஆனால் சைக்கிள் கொடுப்பது ஒரு நாள் வேலை. கொடுத்த சைக்கிள் பத்து ஆண்டுகள் ஓட வேண்டிய வீதியைக் கவனிப்பது பத்து ஆண்டு வேலை. மேடையில் சைக்கிளைப் பெற்றுக்கொண்ட பிள்ளை மண்டப வாசலைத் தாண்டியதும் மற்றவர்களோடு அதே நெரிசலுக்குள்தான் இறங்குகிறாள்.

நான் கேட்பது பெரிய வலையமைப்பு ஒன்றும் இல்லை. முதலில் ஒரு பாதை, முழுமையாக. சாம்பல்தீவுப் பக்கத்திலிருந்து நிலாவெளி வீதி வழியாக உப்புவெளியைக் கடந்து நகரத்துப் பள்ளிக்கூடங்கள், பொது வைத்தியசாலை, சந்தை, பஸ் நிலையம்வரை. பிரதான வீதியில் அதற்கு இரண்டு மீற்றர் அகலமும், வெள்ளைக் கோட்டுக்குப் பதிலாக உயர்ந்த கல்விளிம்பும் வேண்டும்; வெறும் கோடு போட்டால் அடுத்த நாளே அதன் மேல் ஓட்டோக்கள் நிற்கும். கல்விளிம்பில் இடைவெளி விட்டு மழைநீர் வடிய வழி செய்ய வேண்டும். வடிகால்களுக்கு மூடி வேண்டும். மூடியில் உள்ள கம்பிகள் வீதிக்குக் குறுக்காக இருக்க வேண்டும், நெடுக்காக இருந்தால் சில்லு உள்ளே போய்விடும். நகரத்துக்குள் இடம் ஒடுங்கும் இடங்களில் தனிப்பாதை போட முடியாது. அங்கே எல்லா வாகனங்களின் வேகத்தையும் மணிக்கு 30 கிலோமீற்றருக்குள் கட்டுப்படுத்த வேகத்தடைகள் போதும். பஸ் நிலையத்திலும் வைத்தியசாலையிலும் புகையிரத நிலையத்திலும் கூரையுள்ள சைக்கிள் தரிப்பிடம் வேண்டும். வெயிலில் நாள் முழுக்க நிற்கும் ரியூப் மாலையில் வெடித்துக் கிடப்பதை அனுபவித்தவர்களுக்கு அந்தக் கூரையின் அருமை தெரியும்.

கடைக்காரர்களின் எதிர்ப்பு வரும். அவர்களோடு பேசிப் பார்த்திருக்கிறேன். கடைக்கு முன்னால் வாகனம் நிறுத்த இடமில்லாவிட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்ற அச்சம் உண்மையான அச்சம். குடும்பம் அதில்தான் ஓடுகிறது. ஒரு வான் நிற்கும் இடத்தில் எட்டு சைக்கிள்கள் நிற்கலாம் என்று நான் சொன்னபோது ஒரு பலசரக்குக் கடை ஐயா யோசித்துவிட்டு, வானில் வருபவர் மூட்டையாக வாங்குவார், சைக்கிளில் வருபவர் ஒரு கிலோ வாங்குவார் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த ஒரு கிலோக்காரர் நாளைக்கும் மறுநாளைக்கும் வருவார் என்பதையும் அவரே பிறகு சொன்னார். பொருள் இறக்கும் லொறிகளுக்குக் காலை ஆறு மணிக்கு முன் நேரம் ஒதுக்கினால் பாதி சிக்கல் தீரும் என்பது அவருடைய யோசனைதான். இப்படிப்பட்ட யோசனைகள் கடையடியில்தான் கிடைக்கும். திட்டம் கொழும்பில் வரைபடமாகி முடிந்த பிறகு கருத்துக் கேட்பதில் பயனில்லை.

இந்த ஒரு பாதைக்காக மூன்று நிர்வாகங்களும் ஒரே மேசையில் அமர்ந்து, ஒரே வரைபடத்தில் கையெழுத்திட வேண்டும். பணத்தை மத்திய அரசு சைக்கிள் வசதிக்கென்றே குறித்து, ஐந்து ஆண்டுகளுக்காவது தொடர்ந்து, மன்றத்தின் கையில் கொடுக்க வேண்டும். பராமரிப்புக்கு ஒரு பங்கு அதற்குள்ளேயே ஒதுக்கப்பட வேண்டும், வடிகால் மூடி உடைந்தால் எந்த அலுவலகத்துக்குப் போவது என்று ஒரு தாய் அலையாமல் இருக்க.

கேட்டுப் போகும்போது வெறுங்கையோடு போகக்கூடாது என்று சென்ற மாதம் ஒரு வேலையைத் தொடங்கினேன். ஒரு 80 பக்கக் கொப்பியில் கோடு போட்டு, பள்ளி நாட்களில் காலை ஆறே முக்காலிலிருந்து ஏழே முக்கால்வரை ஒரு சந்தியில் நின்று, கடந்துபோகும் சைக்கிள்களை எண்ணிக் குறிக்கிறேன்; பெண் பிள்ளைகள், ஆண் பிள்ளைகள், தொழிலாளர்கள், கரியரில் இன்னொருவரை ஏற்றியவர்கள் என்று தனித்தனியாக. கணித ஆசிரியைக்கு இது பழக்கமான வேலை. என் பதினோராந் தர மாணவிகள் நால்வர் அடுத்த வாரத்திலிருந்து உப்புவெளிப் பக்கத்தை எண்ண ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அனுராதபுரச் சந்திக்கும் வைத்தியசாலைச் சந்திக்கும் இன்னும் ஆள் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் மன்றத்தில் எடுத்துக்கொள்ளப்படுவதற்கு முன் இந்த நான்கு இடங்களின் கணக்கும் கையில் இருக்க வேண்டும். கொப்பியும் பேனையும் நானே தருகிறேன்.